பெயர் சொல்லாத ஜெபம்

"நான் ஜெபம்தானே பண்ணினேன், உன்னைப் பத்தி ஏதாவது பேசினேனா?" என்று மருத்துவமனையில் எங்கள் வார்டின் பொறுப்பு சிஸ்டர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை, இன்றும் சரியான பதில் கிடைக்கவில்லை.

இரவுப்பணியிலிருந்து கொஞ்ச காலம் விடுவிக்கும்படி அவரிடம் தனியாகக் கேட்டிருந்தேன். வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மேலதிகாரியிடம் அவ்வளவு சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஒரே ஜெபக்குழுவில் பல ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் முழங்காற்படியிட்டவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்றுதான் அப்போது தோன்றியது. மறுநாள் காலை, ஷிப்ட் மாறும் நேரத்தில் நாங்கள் கூடிச் செய்யும் ஜெபத்தில், "குடும்ப பாரத்தைச் சாக்குச் சொல்லி, நீர் கொடுத்த ஊழியத்தில் பின்வாங்குகிற பிள்ளைகளை உணர்த்தும் ஆண்டவரே" என்று அவர் வேண்டிக்கொண்டார். பெயர் சொல்லவில்லை. டியூட்டி லிஸ்டில் என் பெயருக்கு நேரே வெள்ளை மை தடவி, அதன் மேலேயே மறுபடியும் இரவுப்பணி என்று எழுதியிருந்ததை எல்லோரும் பார்த்திருந்ததால், பெயர் தேவைப்படவும் இல்லை. எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன்.

பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் நான் சும்மா இருந்திருந்தால், அந்த வட்டத்தில் ஒரு வாய் மட்டும் திறக்கவில்லை என்பது எல்லோருக்கும் கேட்டிருக்கும். கூட்டத்தில் ஒருவர் நம்மைக் குறை சொன்னால் மறுத்துப் பேச இடமுண்டு. ஜெபத்தில் சொல்லப்படும் குறைக்கு அந்த இடமே இல்லை. கண்கள் மூடியிருக்கின்றன, பேச்சு தேவனை நோக்கிப் போகிறது, குறுக்கே பேசினால் நாம்தான் பயபக்தியற்றவர்கள் ஆகிறோம். ஆலயத்தில் உதடசைய ஜெபித்துக்கொண்டிருந்த அன்னாளைக் குடித்திருக்கிறாள் என்று எண்ணி ஆசாரியனாகிய ஏலி கடிந்துகொண்டபோது, அவள் "அப்படியல்ல, என் ஆண்டவனே" என்று உடனே பதில் சொன்னாள். ஏலி அவளை நேராகப் பார்த்துப் பேசியதால் அவளால் சொல்ல முடிந்தது. அவனும் கேட்டுக்கொண்டான், சமாதானத்துடன் போ என்று வாழ்த்தியும் அனுப்பினான். அந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அவளுக்குப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்பது எனக்கு இப்போதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இதற்கு முன் வேறொரு மருத்துவமனையில், விசுவாசம் என்ற பேச்சே இல்லாத ஒரு பொறுப்பாளரிடம் வேலை செய்தேன். நோயாளிகள் முன்னிலையிலேயே சத்தம் போடுவார், கையிலிருக்கும் கேஸ் ஷீட்டை மேசைமேல் எறிவார். அவர் சொன்ன எதுவும் வீட்டு வாசலைத் தாண்டி என்னோடு வந்ததில்லை. இந்தச் சிஸ்டரோ குரலைக்கூட உயர்த்தவில்லை, ஆனாலும் இது போகமாட்டேன் என்கிறது. ஐம்பத்தைந்தாம் சங்கீதத்தில் தாவீது, நிந்தித்தவன் சத்துருவாக இருந்திருந்தால் சகித்திருப்பேன், கூட்டத்தோடே தேவாலயத்துக்குச் சேர்ந்து போன தோழனாகிய நீயே அவன் என்று புலம்புவது இதைத்தான். புறம்பே இருப்பவரிடம் நாம் எதிர்பார்க்காத ஒன்றை உள்ளே இருப்பவரிடம் எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பே தவறு, சபை என்பது பாவிகளின் கூட்டம்தானே என்று சிலர் ஞானமாகச் சொல்வார்கள். ஒருவரை ஒருவர் சகோதரி என்று அழைத்துவிட்டு, அதற்குண்டான எதையும் எதிர்பார்க்காதே என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உனக்குக் குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்று மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் சொல்கிறபடி, அவரிடம் தனியாகத்தான் போனேன். மருந்து அறையில், கணக்கு வைக்க வேண்டிய மருந்துகளின் ஆம்பூல்களை அவர் எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, "உனக்குக் குத்தியிருந்தா, ஆவியானவர் உணர்த்துறார்னு எடுத்துக்கோம்மா. நான் உனக்காக இன்னும் ஜெபிக்கிறேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன், அதனாலேயே நான் வாயடைத்துப் போனேன். எனக்கு வலித்ததே என் குற்றத்துக்குச் சாட்சி என்றால், வலிக்கிறது என்று எந்த வார்த்தையில் சொன்னாலும் அது எனக்கு எதிராகத்தான் போகும்.

அவர் செவிகொடாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது அடுத்த படி. யாரைக் கூட்டிக்கொண்டு போவது? அந்த ஜெபத்தைக் கேட்ட ஒவ்வொருவரின் இரவுப்பணியும் விடுப்பும் அவர் கையில்தான் இருந்தன. அந்த வசனம் ஒரே தளத்தில் நிற்கும் இரண்டு சகோதரரை மனதில் வைத்துப் பேசுவதாக எனக்குப் படுகிறது. ஒரு சகோதரி டியூட்டி லிஸ்ட் எழுதுகிறவராகவும் இன்னொருத்தி அதில் எழுதப்படுகிறவளாகவும் இருக்கும்போது, தனித்திருக்கையில் பேசுவது என்பதே வேறொன்றாகிவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை அப்போஸ்தலனாகிய பவுல் அறியாதவர் அல்ல. விசுவாசியான எஜமானை, சகோதரன்தானே என்று அசட்டை பண்ணாதிருங்கள் என்று வேலைக்காரருக்குத் தீமோத்தேயு நிருபத்தில் சொல்கிறார். எபேசியர் நிருபத்தில் எஜமான்களைப் பார்த்து, கடுமையான பயமுறுத்தலை விட்டுவிடுங்கள் என்கிறார். எங்கள் காலை தியானங்களில் முதலாவது வசனத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன், இரண்டாவது வாசிக்கப்பட்டதாக நினைவில்லை. தியானம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பொறுப்பில் இருப்பவர்கள் என்பதைக் கொஞ்சம் கசப்போடுதான் குறிப்பிடுகிறேன்.

அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்து பொய்யாகிவிடும். வார்டில் ஆள் பற்றாக்குறை. என்னை விடுவித்தால் வேறொருத்தியைத்தான் இரவில் போட வேண்டும். யாரும் வராத இரவுகளில் அவரே நின்றிருக்கிறார். இரவெல்லாம் பணி செய்துவிட்டு, யாருமில்லாமல் இறந்துகொண்டிருந்த ஒரு முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு மதியம்வரை அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கொடுமைக்காரர் என்று தீர்மானித்துவிட்டால் இந்த விஷயம் எனக்கு எளிதாகிவிடும். ஆனால் தன்னிடம் இரக்கம் காட்டாத ஒருவர் அதே இரக்கமின்மையைப் பக்தி என்று நம்பிப் பிறரிடமும் காட்டினார் என்றால், அதை எந்தப் பெயரால் அழைப்பது?

கடைசியில் நர்சிங் கண்காணிப்பாளருக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். அதில் இரவுப்பணி மாற்றத்தைப் பற்றி மட்டும் எழுதினேன், ஜெபத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. மாற்றம் கிடைத்தது. ஜெபக்குழுவில் இருந்த ஒருவர், விசுவாசிகள் ஒருவருக்கொருவர் விரோதமாக வழக்காடலாமா, ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக்கூடாது என்று கொரிந்தியர் நிருபத்தை எடுத்துக்காட்டினார். பவுல் அங்கே பேசுவது நீதிமன்ற வழக்கைப் பற்றி. நான் கொடுத்தது என் மருத்துவமனைக்குள்ளேயே ஒரு விண்ணப்பம். அந்த வேறுபாட்டில் நான் உறுதியாகத்தான் இருக்கிறேன். ஆனால் ஜெபத்தைப் பற்றி எழுதாமல் விட்டதை அன்பு திரளான பாவங்களை மூடும் என்ற கணக்கில் வைப்பதா, எழுதியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயத்தின் கணக்கில் வைப்பதா என்பதில், ஒரு நாள் இருக்கும் உறுதி மறுநாள் இருப்பதில்லை.

இயேசு சொன்ன உவமையில், தன்னை நீதிமான் என்று நம்பி, வரி வசூலிக்கும் ஆயக்காரனைச் சுட்டிக்காட்டி ஜெபித்த பரிசேயன் அடிக்கடி நினைவுக்கு வருகிறான். உடனே, அவரைப் பரிசேயர் என்று எண்ணும் நீயே இப்போது பரிசேயன் அல்லவா என்ற பிரசங்கக் குரலும் கேட்கிறது. அந்தத் திருப்பத்தில் உண்மை இருக்கலாம். ஆனாலும் அடிபட்டவள் வாய் திறப்பதற்குள் அவள் இருதயத்தைச் சோதிக்க ஆரம்பிக்கும் நம் வழக்கத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நான் வளர்ந்த சபையில் எழுதிவைத்த ஜெபங்களுக்கு மதிப்பில்லை. மனதிலிருந்து வருவதே ஜெபம் என்பார்கள். பிற்பாடு, ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கைப் பற்றி வாசித்தேன். காலையிலும் மாலையிலும், இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தைத் தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லவேண்டும் என்கிறார், ஏனென்றால் சேர்ந்து வாழ்பவர்களிடையே மனத்தாங்கலின் முட்கள் முளைக்கும். எங்களுக்கு மன்னியும், நாங்களும் மன்னிக்கிறோம் என்ற வார்த்தைகளில் யாரும் யாரையும் குறிவைக்க முடியாது. சொல்லுகிறவரும் அதற்குள் மாட்டிக்கொள்கிறார். என் முறை வரும்போது இப்போதெல்லாம் நான் அந்த ஜெபத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். சுருக்கமாக இருக்கிறது, ஆவியின் அபிஷேகம் இல்லை என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம்.

அண்மையில், வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத ஒரு பெண் வேறொரு வார்டிலிருந்து வந்து, ஏறக்குறைய இதே போன்ற ஒன்றைச் சொன்னாள். "அக்கா, நான் நேர்ல போய்ப் பேசட்டுமா? அப்படித்தானே வேதத்துல இருக்கு?" என்று கேட்டாள். போய்ப் பேசு என்றேன். ஆனால் அதற்கு முன்னால் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒரு நகல் வைத்துக்கொள் என்றும் சொன்னேன். மத்தேயு சொல்லும் வரிசையை நான் தலைகீழாக்கிவிட்டதை அவள் கவனித்தாள், முகத்தில் தெரிந்தது. விளக்கம் கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. விண்ணப்பத்தை யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.