காக்கா அனுப்பிய சாக்லேட்டும் என்னுடைய 143-ம்

முதலில் ஒரு விளக்கம். எங்கள் கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், வெளியூர்க்காரர்கள் பறவையை நினைத்துக்கொள்ள வேண்டாம். காக்கா துபாயில் இருக்கிறார், ஊரில் பல வீட்டு ஆண்பிள்ளைகள் மாதிரி. அங்கிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர்கள் பெட்டியில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு பை இருக்கும், அதில் தைலம், பால்மாவு, பாதாம், அப்புறம் சாக்லேட். நான் மாசமாக இருக்கிறேன் என்ற செய்தி போனதும் வந்த பையில் சாக்லேட் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு மசக்கை. கடற்கரை ஊரில் மீன் வாசனை ஆகாமல் போவதைவிடப் பெரிய கஷ்டம் எதுவும் கிடையாது, வாசலில் இறங்கினாலே ஒரு பக்கம் மீன் கூடை, மறுபக்கம் காயப்போட்ட கருவாடு, வீட்டுக்குள் வந்தால் உம்மா ஆணம் (குழம்பு) கொதிக்க வைத்திருப்பார். வாயில் வைத்ததும் உள்ளே நின்ற ஒன்றிரண்டு பொருட்களில் சாக்லேட் ஒன்று. அதனால் தின்றேன், நன்றாகவே தின்றேன்.

தின்பதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஏதாவது சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாமி, சாக்லேட் சூடு, வயிற்றில் தங்காது என்றார். மூத்த லாத்தா (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொன்னாள். (அப்படியானால் வெள்ளைச் சாக்லேட் தின்றால் என்ன ஆகும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.) இப்போது எல்லாரும் கொண்டாடுகிற அந்தத் துபாய் சாக்லேட், பிஸ்தாவும் சேமியா மாதிரி ஒன்றும் உள்ளே வைத்தது, அதில் எள்ளு விழுதும் சேர்ப்பார்கள் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாமி சாக்லேட்டை விட்டுவிட்டு எள்ளைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைத்தாச்சி எள்ளு தின்பாளா என்று தெரு முழுக்கப் பேச்சு.

பயம் வராமல் இல்லை. பதிவுக்குப் போன அன்று டாக்டரிடமே கேட்டேன். அவர் சாக்லேட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் கணக்கு தெரிந்தது.

சாக்லேட்டில் பயப்பட வேண்டியது என்று எல்லாரும் சொல்வது கஃபீன். கர்ப்ப காலத்தில் அது ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு சுகாதாரத் துறையும் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பும் சொல்கின்றன. தாண்டினால் பிள்ளை எடை குறைந்து பிறப்பது போன்ற ஆபத்துகள் கூடும் என்பதால்தான் இந்த வரம்பு. இப்போது சாக்லேட்டைப் பாருங்கள்: 50 கிராம் பால் சாக்லேட்டில் 10 மில்லிகிராமுக்கும் குறைவு, 50 கிராம் டார்க் சாக்லேட்டில் 25-க்கும் குறைவு. ஒரு பெரிய கோப்பை டீயில் 75, இன்ஸ்டன்ட் காபியில் 100, ஃபில்டர் காபியில் 140. அதாவது கஃபீனை மட்டும் பார்த்தால் சாக்லேட் சின்னப் பிள்ளை. நான் விடியலில் ஒரு தேத்தண்ணி, பசியாறும்போது ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, அசர் தொழுகைக்குப் பிறகு சாயங்காலம் ஒன்று, ராத்திரி மச்சானோடு (என் வீட்டுக்காரர்) போன் பேசிக்கொண்டே ஒன்று என்று குடித்துக்கொண்டிருந்தவள். எங்கள் வீட்டு டம்ளர் சின்னது, கோப்பையில் பாதி என்று வைத்தாலும் அதுவே 190-ஐத் தொட்டுவிடுகிறது. இதற்கு மேல் சாக்லேட். டாக்டர் ஏன் டீயைக் கேட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. மாமியும் லாத்தாவும் சாக்லேட்டைத் திட்டித் தீர்த்தபோது அவர்கள் கையிலேயே எனக்கான தேத்தண்ணி டம்ளர் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இன்னொன்று, கஃபீன் உடம்பை விட்டுப் போகும் வேகமும் மாறிவிடுகிறது. சாதாரண நாளில் நாலைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைவது, கடைசி மாதங்களில் பாதியாவதற்கே 15 மணி நேரம் வரை எடுக்கலாம். நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது, பிள்ளையின் உடம்புக்கு அதைக் கரைத்து வெளியேற்றத் தெரியாது. ராத்திரி தேத்தண்ணியை நான் அன்றைக்கே நிறுத்தினேன். மற்றவற்றை நிறுத்தவில்லை, குறைத்தேன். அதுவே பெரிய காரியம்.

அடுத்த தப்பு இரும்புச்சத்து மாத்திரையில். நான்காம் மாதத்திலிருந்து அந்தச் சிவப்பு மாத்திரை கொடுப்பார்கள், தினம் ஒன்று, 180 நாளைக்கு. எனக்கு விழுங்கியதும் வாயில் ஆணியைச் சப்பியது மாதிரி ஒரு ருசி நின்றுவிடும், அதைப் போக்க உடனே ஒரு துண்டு சாக்லேட். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. மாத்திரையை எப்படிப் போடுகிறாய் என்று நர்ஸம்மா விசாரித்தபோது உண்மையைச் சொன்னேன், அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டீ, காபி, கோகோ மூன்றிலும் இருக்கிற துவர்ப்புப் பொருட்கள் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும், பாலும் கால்சியம் மாத்திரையும்கூட அதையே செய்யும், பால் சாக்லேட் என்றால் இரண்டும் சேர்ந்தே வருகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரை, அதற்கும் சாக்லேட்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி என்று மாற்றிக்கொண்டேன். அடுத்த பரிசோதனையில் ஒரு புள்ளி ஏறியிருந்தது. டார்க் சாக்லேட்டில் நிறைய இரும்புச்சத்து இருக்கிறது, ரத்தம் ஊறும் என்று யாராவது அனுப்பினால் நம்பிவிடாதீர்கள். இரும்பு இருப்பது உண்மைதான், அதைத் தடுக்கும் பொருளும் அதே துண்டில் இருக்கிறது.

டார்க் சாக்லேட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கசப்பாக இருந்தாலே உடம்புக்கு நல்லது என்று நமக்கு ஒரு நினைப்பு. 2022 டிசம்பரில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு 28 டார்க் சாக்லேட்டுகளைப் பரிசோதித்தது, எல்லாவற்றிலும் ஈயமும் காட்மியமும் கொஞ்சமாவது இருந்தன. அதில் 23 வகைகளில் தினம் 28 கிராம் தின்றாலே ஏதாவது ஒன்று அவர்கள் வைத்த அளவைத் தாண்டிவிடும் என்றது. காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிறது. ஈயம் வந்த வழியைப் படித்தபோது எனக்கு நம் கடற்கரைதான் ஞாபகம் வந்தது: கோகோ கொட்டையை வெட்டவெளியில் காயவைக்கும்போது புழுதியோடு வந்து ஒட்டுகிறதாம். மணலில் கொட்டிக் காயவைத்த நெத்திலியை எத்தனை தடவை கழுவினாலும் பல்லில் நறநறக்குமே, அந்தக் கதைதான். ஈயம் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு ஆகாது. எப்போதாவது ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகிவிடாது, தினமும் மருந்து மாதிரி தின்பது வேண்டாம் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

இனி அந்த 143.

நம் ஊரில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கிற சர்க்கரைப் பரிசோதனை தெரியும்தானே, 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள், ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. சென்னை டாக்டர் வி. சேஷையாவும் அவரோடு இருந்தவர்களும் நம் பெண்கள் பல மைல் பஸ் ஏறி வெறும் வயிற்றோடு வந்து காத்திருக்க முடியாது என்பதை யோசித்துக் கொண்டுவந்த முறை அது, அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். பதிவு செய்த அன்று எடுத்ததில் எனக்கு 112. ஆறாம் மாதம் மறுபடியும் எடுக்கப் போனேன், முதல் நாள் குடித்த கால் மணி நேரத்தில் வாந்தி, அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் செல்லாது, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் 143. 140-ஐத் தொட்டாலே சர்க்கரை என்று கணக்கு.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். காக்கா அனுப்பிய இரண்டு கிலோவும் கண் முன்னால் வந்து நின்றது. அடுத்த முறை டாக்டர் சொன்னது, நஞ்சுக்கொடியில் சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பதால் வருவது இது, உன் வாப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் உனக்கு வர வாய்ப்பு அதிகம், சாக்லேட் ஒன்றே காரணம் என்று அழாதே என்று. ஆனால் வந்த பிறகு சர்க்கரையின் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். பால் சாக்லேட்டில் பாதிக்குப் பாதி சர்க்கரை. 40 கிராம் பட்டை ஒன்றில் 20 கிராமுக்கு மேல், ஐந்து தேக்கரண்டி. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரே பட்டையில் அது முடிந்தது. இதில் நான் தொதலையும் சேர்க்க வேண்டும். எங்கள் ஊர்த் தொதல் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுவது, கருப்பட்டிதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஒரு கை பார்த்திருந்தேன். ரத்தத்துக்குக் கருப்பட்டியும் சீனியும் ஏறக்குறைய ஒன்றுதான். பேரீச்சம்பழத்திலும் அதே கதை, எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை.

இரண்டு வாரம் சாப்பாட்டு முறை. சோற்றைக் குறைத்து, மீனையும் கீரையையும் கூட்டி (மசக்கை போயிருந்தது, அல்ஹம்துலில்லாஹ்), மூன்று வேளையை ஆறாகப் பிரித்துச் சாப்பிட்டேன், தினம் மாலை மொட்டைமாடியில் நடந்தேன். பிறகு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததில் 114. 120-க்குள் இருந்ததால் ஊசி வேண்டாம் என்றார்கள். அன்றைக்குத்தான் தைரியம் வந்து கேட்டேன், இனி சாக்லேட்டே கூடாதா என்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு சின்னத் துண்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், வெறும் வயிற்றில் கூடாது, ராத்திரியில் கூடாது, படுக்கும்போது நெஞ்சு கரிக்கும் என்றார். இது என் அறிக்கையைப் பார்த்து எனக்குச் சொன்ன அளவு, உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லலாம்.

விஷயம் தெரிந்ததும் காக்கா சர்க்கரை இல்லாத சாக்லேட் என்று ஒரு பெட்டி அனுப்பினார். அதில் மால்டிட்டால் என்ற இனிப்பு இருந்தது, அதுவும் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றத்தான் செய்யும், கூடுதலாகத் தின்றால் வயிற்றைக் கலக்கும். நாலு துண்டு தின்ற நானே அதற்குச் சாட்சி.

பெட்டிகளின் மேல் இருப்பதை வாசிக்கப் பழகியது இந்த மாதங்களில்தான். அரபு எழுத்தில் இருந்தால் ஓதத் தெரிந்ததால் எழுத்துக்கூட்டிவிடலாம், பொருள் தெரியாது. தமிழையே அரபு எழுத்தில் எழுதி வாசித்த அர்வித் தமிழ் ஊர்க்காரிக்கு இது ஒரு வேடிக்கைதான். "சுக்கர்" என்றால் சர்க்கரை, அது பெரும்பாலும் முதல் சொல்லாகவே இருக்கும், எடையில் எது அதிகமோ அதுதான் முதலில். உள்ளே மது ஊற்றிய சாக்லேட் விமான நிலையக் கடைகளில் உண்டு, எங்களுக்கு எப்படியும் ஆகாது, மற்றவர்களும் கர்ப்ப காலத்தில் அதைத் தொட வேண்டாம். கொடைக்கானல் போனவர்கள் வாங்கி வருகிற, சீட்டு எதுவும் ஒட்டாத சாக்லேட்டை நான் தின்னவில்லை, உள்ளே வைத்த க்ரீம் என்றைக்குச் செய்தது என்று யாருக்குத் தெரியும்.

வெள்ளையாகப் பூத்த சாக்லேட்டைப் பூஞ்சை என்று உம்மா தூக்கி எறியப் போனார். அது பூஞ்சை இல்லை. கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும், நம் கத்திரி வெயிலில் ராமநாதபுரத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் உருகி, ஃபிரிட்ஜில் மறுபடி இறுகும்போது அந்தக் கொழுப்பு மேலே வந்து படியும். ருசி கொஞ்சம் குறையும், தின்றால் ஒன்றும் ஆகாது.

பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்து மறுபடியும் அதே 75 கிராம், இந்த முறை வெறும் வயிற்றில். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், பிள்ளை வந்த பிறகு யாருக்கு நேரம் இருக்கிறது. நானும் நர்ஸம்மா இரண்டு தடவை போன் போட்ட பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். சரியாகிவிட்டது என்றார்கள், இருந்தாலும் பின்னாளில் வரலாம், வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள் என்றார்கள். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் பெட்டி காலி. லாத்தாவின் பிள்ளைகள்.