கடைசிப் பெட்டி தாண்டும் வரை

ரயில்வே தேர்வுக்குப் படிப்பவர்களிலேயே பலர், ரயில் கணக்கு வந்தால் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். ரயில்வேயின் தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கான என்.டி.பி.சி. முதல்கட்டத் தேர்வில் 90 நிமிடங்களில் 100 கேள்விகள்; கணிதம் மட்டும் 30. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும் என்பதால் அந்தப் பயம் நியாயமானதுதான். இந்தப் பாடம் எனக்குப் பிடிபட்ட விதத்தை, அங்கே திணறுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பயிற்சி வகுப்பில் ரயில் கம்பத்தைக் கடக்கும் நேரத்துக்கு ஒரு சூத்திரம், பிளாட்பாரத்துக்கு ஒன்று, எதிரே வரும் ரயிலுக்கு ஒன்று என்று அடுக்கித் தந்தார்கள். கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டால் அவை கைகொடுக்கவில்லை. வழி திறந்தது ரயில் நிலையத்தில்தான். பெரும்பாலான பயணிகள் ரயில்களில் கடைசிப் பெட்டியின் பின்புறம் பெரிய பெருக்கல் குறி இருக்கும்; 'எல்.வி.' (லாஸ்ட் வெஹிக்கிள், அதாவது கடைசிப் பெட்டி) என்ற சிறு பலகையும் தொங்கும். வண்டி பாதியில் அறுந்து நிற்காமல் முழுதாக வந்துவிட்டது என்பதற்கு ரயில்வே ஊழியர்கள் பார்க்கும் அடையாளம் அது. கணக்கிலும் அதே சட்டம்தான்: கடைசிப் பெட்டி தாண்டினால்தான் ரயில் கடந்ததாக அர்த்தம்.

அதன் பிறகு சூத்திரங்களை ஓரங்கட்டிவிட்டு, எஞ்சின் தொடும் நொடி, கடைசிப் பெட்டி விலகும் நொடி என்று இரண்டு கோட்டுப் படங்கள் போட ஆரம்பித்தேன். இடையில் எஞ்சின் ஓடிய தூரம் என்ன? கம்பமானால் ரயிலின் நீளம் மட்டும். பிளாட்பாரமானால் அதன் நீளமும் சேரும்.

ஒரு ரயில் கம்பத்தை 12 வினாடியிலும், 240 மீட்டர் பிளாட்பாரத்தை 28 வினாடியிலும் கடக்கிறது. நீளம் என்ன, வேகம் என்ன? எக்ஸ், ஒய் போட்டுச் சமன்பாடு எழுதத் தேவையே இல்லை. கூடுதலாக ஆன 16 வினாடியும் அந்த 240 மீட்டருக்காகத்தான். ஆக வேகம் வினாடிக்கு 15 மீட்டர், நீளம் 12 × 15 = 180 மீட்டர். இது மனத்திலேயே விழுந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி மாளாது.

மணிக்கு இத்தனை கி.மீ. என்பதை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற 5/18ஆல் பெருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் 18இன் மடங்குகளை வைத்துக்கொண்டேன்: மணிக்கு 18 கி.மீ. என்றால் வினாடிக்கு 5 மீட்டர், 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20. கேள்விகளில் பெரும்பாலும் இவைதான் வருகின்றன.

இரண்டு ரயில்கள் என்றால், ஒன்றை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். 120, 180 மீட்டர் நீள ரயில்கள் மணிக்கு 60, 48 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வந்தால், சேர்ந்த வேகம் 108, அதாவது வினாடிக்கு 30 மீட்டர். 300 மீட்டருக்கு 10 வினாடி. ஒரே திசையில் போனால் வேக வித்தியாசம் வெறும் 12, அதாவது வினாடிக்கு 10/3 மீட்டர். அதே 300 மீட்டருக்கு 90 வினாடி ஆகிவிடும். முதல் ரயிலின் ஜன்னலோரம் இருப்பவர் எதிர் ரயிலைப் பார்ப்பதாகக் கேட்டால் மட்டும் கவனம் தேவை. அவர் ஒரு புள்ளி. எதிர் ரயிலின் 180 மீட்டர்தான் கணக்கு, 6 வினாடியில் முடிந்துவிடும்.

பயணத்தின்போது தண்டவாளத்தோரக் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துப் பழகுங்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்ததற்கு ஆகும் வினாடிகளால் 3600ஐ வகுத்தால் வேகம் வந்துவிடும். 40 வினாடி என்றால், உங்கள் ரயில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது.