இந்தூருக்கு ரயில் ஏறும் முன் பெல்லட்டைப் பாருங்கள்

எக்ஸாஃப்ஸ் (ஓர் அணுவைச் சூழ்ந்த அண்டை அணுக்களைக் காட்டும் எக்ஸ்ரே உட்கவர்வு அளவீடு) எடுக்க வேண்டுமென்றால் சென்னை ஆய்வகங்களுக்குப் பெரும்பாலும் இந்தூரின் இண்டஸ்-2தான் போக்கிடம். எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டு வலுவான எக்ஸ்ரே தரும் 2.5 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் சேமிப்பு வளையம். அந்த எக்ஸ்ரே பீமைப் பயன்படுத்தும் நேரமான பீம்டைம் எளிதில் கிடைக்காது. கிடைத்த ஷிஃப்ட் வீணாவது பல நேரம் கிண்டியிலோ தரமணியிலோ அவசரமாக அழுத்திய பெல்லட்டால்தான், அதாவது சாம்பிள் பொடியை அழுத்திச் செய்த வில்லையால்தான்.

இரும்பு ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். இரும்பின் கே-எட்ஜ், அதாவது எக்ஸ்ரே உட்கவர்வு திடீரென ஏறும் ஆற்றல், 7112 எலெக்ட்ரான் வோல்ட். சாம்பிளைக் கடந்து வரும் பீமை அளக்கும் டிரான்ஸ்மிஷனில் எட்ஜ் உயரம் (அந்த ஏற்றத்தின் அளவு) 1 அளவுக்கு வர வேண்டும். மொத்த உட்கவர்வு 2.5-ஐத் தாண்டக் கூடாது. 13 மி.மீ. பெல்லட் அச்சான டைக்குக் கணக்குப் போட்டால், தேவை ஏறத்தாழ 5 மி.கி. ஹெமடைட் (இரும்பு ஆக்சைடு) மட்டுமே. மீதி, பீமை அதிகம் தடுக்காத நிரப்புப் பொடியாக 100 மி.கி. போரான் நைட்ரைடு. "கொஞ்சம் கூடப் போட்டால் சிக்னல் நன்றாக வரும்" என்று 30 மி.கி. போட்டால் எட்ஜுக்கு மேல் பீம் கடந்தே போகாது.

எடையைவிட முக்கியம் துகளின் அளவு. எட்ஜுக்குச் சற்று மேலே ஹெமடைட்டில் எக்ஸ்ரேயின் உட்கவர் நீளம் (பீம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் தூரம்) 6 அல்லது 7 மைக்ரான்தான். 400 மெஷ் சல்லடை 38 மைக்ரான் துகளையும் விட்டுவிடும். ஆகவே சலித்துவிட்டோம் என்ற நிம்மதிக்கு இங்கே இடமில்லை. பீமின் ஒரு பகுதி பெரிய துகளில் சிக்கிவிடும், மறு பகுதி இடைவெளியில் நேரே ஓடிவிடும். அதனால் எட்ஜின் உச்சியில் வரும் ஒயிட் லைன் என்ற கூர் முகடு மழுங்கும், எட்ஜுக்கு மேலுள்ள அலைவுகளின் வீச்சு குறையும், ஃபிட்டில் ஒருங்கிணைவு எண் (இரும்பைச் சூழ்ந்த ஆக்சிஜன்களின் எண்ணிக்கை) 6 வர வேண்டிய இடத்தில் 4.5 வரும். அதை வைத்து ஆக்சிஜன் காலியிடம் என்று எழுதிவிடுவது மிகப் பெரிய அபாயம்.

வழி எளிது. அகேட் கல்வத்தில் நன்றாக அரைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கலக்கித் தெளிய விடுங்கள். 5 மைக்ரான் ஹெமடைட் துகள் 1 செ.மீ. இறங்க ஏறத்தாழ 5 நிமிடம் ஆகும். அதன்பின் மேல் 1 செ.மீ. திரவத்தை மட்டும் பிப்பெட்டால் எடுத்து உலர்த்தினால் பொடி மெல்லியதாகவே இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் செல்லுலோஸ் கலந்த பெல்லட் உப்பி விரிசல் விடும். போரான் நைட்ரைடு தாங்கும். சார்ஜ் ஏற்றிய பேட்டரி எலெக்ட்ரோடு என்றால் மேலே ஒட்டும் கேப்டான் என்ற பிளாஸ்டிக் டேப் போதாது, ஈரம் மெதுவாக ஊடுருவும். ஈரமில்லாத வாயு நிரப்பிய குளோவ் பாக்ஸுக்குள்ளேயே அலுமினியப் பையில் ஒட்டிவிடுங்கள்.

எக்ஸ்ரேயில் ஓர் ஆற்றலைப் பிரித்தெடுக்கும் சிலிக்கான் 111 மோனோகுரோமேட்டர் 7112-ஓடு அதன் மூன்று மடங்கான ஹார்மோனிக் 21336-ஐயும் விடும். இரண்டாம் படிகத்தைச் சற்றே விலக்கி இதைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆற்றல் அளவுகோலைச் சரிபார்க்க, பீமின் செறிவை அளக்கும் மூன்றாம் அயனி அறைக்கு முன் இரும்புத் தகடு ஒவ்வொரு ஸ்கேனிலும் இருக்கட்டும். இரும்பின் ஃபெர்ரஸ், ஃபெர்ரிக் நிலைகளுக்கு இடையே எட்ஜின் வேறுபாடே சில எலெக்ட்ரான் வோல்ட்தான்.

ஒரே பொடியில் 5 மி.கி., 2.5 மி.கி. என இரண்டு பெல்லட் கொண்டு போங்கள். நார்மலைஸ் செய்தபின் (எட்ஜ் உயரத்தை 1 ஆக்கியபின்) இரண்டின் ஒயிட் லைனும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாவிட்டால், தடிமனோ ஹார்மோனிக்கோ கோளாறு செய்கிறது. அதைத் தீர்த்த பிறகே அடுத்த சாம்பிளை ஏற்றுங்கள்.