சீல் இல்லாத கடிதமும் நீளமான விடையும்

விஞ்ஞான வினாத்தாள் தயாரிப்புக்கு மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் காலை எனக்கு வாசலிலேயே போய்விட்டது. விடுவிப்புக் கடிதத்தில் அதிபரின் கையெழுத்து இருந்தது, றப்பர் சீல் இல்லை. "சீல் இல்லாமல் பதியேலாது டீச்சர்" என்றார் மேசையில் இருந்தவர். பட்டியலில் என் பெயர் இருப்பதைக் காட்டினேன். பட்டியல் வேறு, கடிதம் வேறாம். காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தையில் எங்கள் பாடசாலைக்கு பஸ் ஏறி, சீல் குத்திக்கொண்டு திரும்பியபோது தேநீரும் முடிந்திருந்தது. போகிறவர்கள் சீலையும் திகதியையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். வட்ஸ்அப்பில் வந்த படம் எடுபடாது.

கையேடு சிங்களத்தில் மட்டும். தமிழ்ப் பிரதி பிறகு வரும் என்றார்கள், இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த டீச்சர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்திராவிட்டால் பாதி புரிந்திராது.

இரண்டாம் நாள்தான் விஷயமே. சாதாரண தரப் பரீட்சையின் முதலாம் பத்திரத்தின் பாணியில் நான்கு விடைகளுடன் பத்துக் கேள்விகள் கொண்டுபோயிருந்தேன். பயிற்சி தந்த வளவாளர் கேள்விகளை மறைத்துவிட்டு விடைகளை மட்டும் வாசித்து, ஒவ்வொன்றிலும் நீளமானதைச் சரி என்று சொன்னார். பத்தில் ஏழு சரி! சரியான விடை எதுவோ அதை மட்டும் நான் நீட்டி, விளக்கி எழுதியிருக்கிறேன். பதினைந்து வருடம் படிப்பித்த எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்புறம் இன்னொன்று: இணையத்தில் தமிழ்நாட்டுத் தாளொன்றில் எடுத்த கேள்வியில் 'அழுத்தம்' என்றே விட்டிருந்தேன். நம் பிள்ளைகளுக்கு அது அமுக்கம். அழுத்தம் என்றால் மின்சாரப் பாடம்தான் நினைவுக்கு வரும்.

பிழையான விடைகளைச் சும்மா நிரப்பாதீர்கள், பிள்ளைகள் உண்மையிலேயே விடுகிற பிழையிலிருந்து எடுங்கள் என்றார் வளவாளர். உதாரணமாக, முதல் மின்குமிழிலேயே மின்னோட்டம் கொஞ்சம் செலவாகிவிடும் என்று வகுப்பில் பாதிப் பேர் நினைப்பார்கள். அதைவைத்தே கேள்வி எழுதினேன்: தொடராக இணைத்த இரண்டு மின்குமிழ்களில் எது பிரகாசமாக எரியும்? 'இரண்டும் ஒரே அளவு' என்பதுதான் நான் நினைத்த சரியான விடை.

மூன்றாம் நாள் இரண்டு வாரம் கழித்து. அதற்குள் வகுப்பில் கொடுத்துப் பார்க்க வேண்டும். 37 பேரில் புள்ளி கூடிய 27 வீதம், குறைந்த 27 வீதம், அதாவது பத்துப் பத்துப் பேரை எடுத்தேன். மேலே 3 பேர் சரி, கீழே 5 பேர் சரி. கழித்துப் பத்தால் வகுத்தால் −0.2. கெட்டிக்காரர்களை விழுத்துகிற கேள்வி! பிள்ளைகளைத்தான் முதலில் குறை சொன்னேன். கொட்டாஞ்சேனை டீச்சர் தாளை வாங்கி ஒருமுறை வாசித்துவிட்டு, "ஒரே மாதிரியான மின்குமிழ்கள் என்று எங்கே போட்டிருக்கிறீர்கள்?" என்றார். போடவில்லை. 'கூற முடியாது' என்று நாலாவது விடையையும் நானே வைத்திருந்தேன்.

அந்த நாலாவது விடையைத் தெரிவுசெய்த எல்லோருக்கும் புள்ளி கூட்டிக் கொடுத்தேன். பரீட்சையன்று முன்வரிசைப் பிள்ளையொன்று, "இரண்டும் ஒரே பல்பா டீச்சர்?" என்று கேட்டிருந்தது. "கேள்வியை ஒழுங்காக வாசி" என்று சொல்லி இருத்திவிட்டேன்.