நர்சரியில் சேர்ந்த குழந்தையும் ஓயாத சளியும்

மகள் நர்சரியில் சேர்ந்த பிறகு வந்த மாதங்களில், சளி, இருமல், காய்ச்சல் ஆகிய மூன்றில் ஒன்றாவது இல்லாத வாரம் எங்கள் வீட்டில் மிக அரிதாகிவிட்டது. அதுவரை தடுப்பூசிக்காக மட்டுமே மருத்துவரைப் பார்த்து வந்த குழந்தை அவள். இந்த நிலையில் இருக்கும் பெற்றோரிடம் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன: பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா, நர்சரியில் சுத்தம் போதவில்லையா, இத்தனை சிறு வயதில் அனுப்பியிருக்கக் கூடாதா? எங்கள் குழந்தைநல மருத்துவர் இவற்றில் எதையும் கேட்கவில்லை. "ஒரு காய்ச்சல் விட்டு அடுத்தது வருவதற்குள் பிள்ளை எப்படி இருக்கிறாள்? நன்றாக விளையாடுகிறாளா, சாப்பிடுகிறாளா, எடை கூடுகிறதா?" என்று மட்டும் கேட்டார். எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதைக் காட்டிலும் அந்த இடைவெளியைக் கவனிப்பதுதான் பயன் தரும் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. இப்போது அதே மாதங்களைக் கடந்துகொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் உடலிலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்லும் எதிர்ப்புப் புரதங்கள், பிறந்து ஆறு மாதங்களுக்குள் பெருமளவு குறைந்துவிடுகின்றன. தாய்ப்பால் அதன் பிறகும் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது என்றாலும், ஒவ்வொரு கிருமியையும் எதிர்கொள்ளும் முறையைக் குழந்தையின் உடல் தானாகத்தான் கற்றுக்கொண்டாக வேண்டும். அந்தப் பாடமோ மிக நீளமானது. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸில் மட்டும் 100க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து போனதால் மற்றொரு வகை வராமல் இருப்பதில்லை. மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ், அடினோவைரஸ், பாராஇன்ஃபுளுவென்சா, மெட்டாநிமோவைரஸ், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் என்று பட்டியல் மேலும் தொடர்கிறது. வீட்டில் நான்கைந்து பெரியவர்களுடன் மட்டுமே பழகிய குழந்தை இவற்றில் பலவற்றைச் சந்தித்திருக்காது. நர்சரியிலோ, ஒரு பிள்ளை வாயில் வைத்துச் சப்பிய மரக்கட்டையை அடுத்த பிள்ளை எடுத்து, ஈரம் காயும் முன்பே தன் வாயில் வைத்துக்கொள்கிறது. அழுகிற தோழியின் கன்னத்தைத் தன் கையால் துடைத்துவிட்டு, அதே கையால் தன் கண்ணைக் கசக்கிக்கொள்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைகள் கூடிப் பழகுவது இப்படித்தான். எவ்வளவு அக்கறையாகச் சுத்தம் செய்யும் நர்சரியானாலும் இதை முற்றாக நிறுத்த முடியாது. நோய் பரவியதற்காக ஆசிரியைகள் மீதும் ஆயாக்கள் மீதும் பழிபோடுவது நியாயமன்று என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை வரை சளி பிடிப்பது இயல்பு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. நர்சரிக்குப் போகும் குழந்தைகளுக்கு அது 10, 12 வரைகூடப் போகலாம். ஒரு சளி தணிய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். இருமல் இரண்டு, மூன்று வாரங்களுக்கும் இழுக்கும். இவை ஆண்டு முழுவதும் சீராகப் பரவி வருவதில்லை, சளிக் காலமாகிய சில மாதங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முதல் இருமல் அடங்கும் முன்பே இரண்டாவது சளி தொடங்கிவிடுவதில் வியப்பில்லை. பார்ப்பவர்களுக்கு அது ஒரே நோய் மாதக்கணக்கில் தீராமல் இருப்பது போலத் தோன்றுகிறது; உண்மையில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்த வெவ்வேறு தொற்றுகள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 26 குடும்பங்களைச் சேர்ந்த 108 பேரின் மூக்குச் சளியை ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் பரிசோதித்து, முடிவுகளை 2015இல் வெளியிட்டார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் ஏறத்தாழ ஆண்டின் பாதி வாரங்களில் ஏதாவது ஒரு வைரஸ் இருந்தது. ஆனால் வைரஸ் இருந்த எல்லா வாரங்களிலும் அவர்கள் நோயுற்றிருக்கவில்லை. இந்த ஒரு தகவல் எனக்குத் தந்த ஆறுதலை எந்த மருந்துச் சீட்டும் தரவில்லை.

"எதிர்ப்புச் சக்தி குறைவான பிள்ளை" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கும் தாய்க்கு அது எவ்வளவு வலிக்கும் என்பதை அவர்கள் அறிவதில்லை. காய்ச்சல் வந்து, மூன்று நாளில் இறங்கி, நான்காம் நாள் குழந்தை வீடெல்லாம் ஓடுகிறது என்றால் அதன் எதிர்ப்புச் சக்தி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். அமெரிக்காவின் டூசான் நகரில் 1980இல் தொடங்கி, குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வந்த ஆய்வு ஒன்று உண்டு. பல பிள்ளைகள் உள்ள காப்பகங்களுக்குச் சிறு வயதிலேயே போனவர்களுக்கு இரண்டு வயதில் சளி அதிகமாகவும், 6 முதல் 11 வயது வரையில் மற்றவர்களைவிடக் குறைவாகவும் இருந்ததையும், 13 வயதில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டதையும் அது கண்டறிந்தது. கனடாவின் கியூபெக்கில் நடந்து 2010இல் வெளியான ஆய்வும் இதே போக்கைக் காட்டியது. அப்படியானால் பெரும்பாலான பிள்ளைகள் இந்தச் சளிகளை எப்போதாவது ஒருமுறை கடந்துதான் ஆக வேண்டும். நர்சரிக்குப் போகும் பிள்ளைகள் அதைச் சற்று முன்னதாகவே கடந்துவிடுகிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு, நோய் வந்தால் நல்லதுதான் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் மூச்சுக்குழாய்கள் மிகக் குறுகியவை. பெரியவர்களுக்கு வெறும் தும்மலாகப் போய்விடும் ஆர்.எஸ்.வி. அந்தக் குழந்தைக்கு மூச்சுத்திணறலாக முற்றிவிடலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், நர்சரியிலிருந்து வரும் மூத்த பிள்ளை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தொட வேண்டும் என்பதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோய்விட வேண்டும்.

பெற்றோர் அனைவரும் கற்றுவைத்திருக்க வேண்டிய ஒரு திறமை உண்டென்றால், அது குழந்தையின் மூச்சை எண்ணுவதுதான். அழாமல் அமைதியாக இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிட்டு, வயிறு ஒருமுறை உயர்ந்து தாழ்வதை ஒன்று என்று கணக்கிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் கணக்குத் தவறிவிடும், ஏனெனில் சிறு குழந்தைகளின் மூச்சு சீராக ஓடுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. எண்ணிக்கையோடு விலா எலும்புகளுக்குக் கீழே மார்பு உள்வாங்குகிறதா, மூக்குத் துவாரங்கள் விரிகின்றனவா, மூச்சு விடும்போது முனகல் கேட்கிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். காய்ச்சலும் மூச்சைச் சற்று வேகப்படுத்தும் என்பதால் காய்ச்சல் தணிந்த பிறகு மறுபடி எண்ணுவது நல்லது. ஆனால் மார்பு உள்வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ எதற்கும் காத்திருக்கக் கூடாது. நள்ளிரவில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க நேரும்போது, "மூச்சு ஒரு மாதிரியாக இருக்கிறது" என்பதைவிட "நிமிடத்துக்கு 52" என்று சொல்வது அவருக்குப் பல மடங்கு உதவியாக இருக்கும்.

மூக்கிலிருந்து வரும் சளி பச்சையாகிவிட்டால் ஆன்டிபயாடிக் கொடுத்தாக வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் வலுவாகவே இருக்கிறது. கிருமியோடு போராட வரும் வெள்ளணுக்களில் உள்ள, இரும்புச் சத்துக் கொண்ட ஒரு நொதிதான் அந்தப் பச்சை நிறத்தைத் தருகிறது. வைரஸ் சளியிலும் மூன்றாம், நான்காம் நாளில் அந்த நிறம் வருவது வழக்கம். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மருத்துவர் இப்போதைக்குத் தேவையில்லை என்று சொல்லும்போது, மருந்தே எழுதவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு வேறொருவரிடம் போவது குழந்தைக்குச் செய்யும் நன்மையன்று. அதே சமயம், சளி ஆறத் தொடங்கிய பிறகு காய்ச்சல் மறுபடி ஏறினாலோ, குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு இரவில் அலறினாலோ அது வேறு விஷயம். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறைய கிடைமட்டமாகவும் இருப்பதால் சளிக்குப் பின்னால் காதில் சீழ் பிடிப்பது எளிது; அப்போது காதைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

காய்ச்சல் மருந்தைப் பொறுத்தவரை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது அளவைப் பற்றித்தான். பாராசிட்டமாலின் அளவு வயதைக் கொண்டு அல்ல, எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேற்படாமல். ஒரே மருந்து 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம், சொட்டு மருந்தாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் என்று வெவ்வேறு அடர்த்திகளில் கிடைக்கிறது. போன முறை 5 மில்லி கொடுத்தோம் என்ற நினைவில் வேறு புட்டியிலிருந்து அதே 5 மில்லியை ஊற்றிக் கொடுத்துவிட்டால் அளவு இரண்டு மடங்காகவோ நான்கு மடங்காகவோ ஆகிவிடும். வீட்டில் ஒரே ஒரு அடர்த்தியை மட்டும் வைத்துக்கொள்வதும், கொடுத்த நேரத்தைத் தாளில் எழுதிப் புட்டியோடு சேர்த்து வைப்பதும் நல்ல பழக்கங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. இருமலுக்கும் சளிக்கும் கடையில் தாமாகவே வாங்கிக் கொடுக்கும் கலவை சிரப்புகளைச் சிறு குழந்தைகளுக்குத் தராமல் இருப்பதே பாதுகாப்பு. தேன் ஓரளவு இருமலைத் தணிக்கும், ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

எங்களைப் பெரிதும் கலங்கவைத்தது கை, கால், வாய் நோய். காய்ச்சலும் கொப்புளங்களும் ஒரு வாரத்தில் ஆறிவிட்டன. வாய்ப் புண் எரிந்ததால் முதல் இரண்டு நாள் தண்ணீர் குடிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எல்லாம் மறந்துபோன பல வாரங்களுக்குப் பிறகு, குளிப்பாட்டும்போது பார்த்தால் மகளின் கட்டைவிரல் நகம் அடிப்பக்கத்தில் பிளந்து தூக்கிக்கொண்டு நின்றது. அதன் கீழே, காகிதம் போல மெல்லிய புதிய நகம் வளர்ந்திருந்தது. வலி சிறிதும் இல்லை. ஒவ்வொரு விரலாக இன்னும் சில நகங்கள் அப்படியே கழன்றன. இந்த நோய்க்கு ஒன்றிரண்டு மாதங்கள் கழித்துச் சில குழந்தைகளுக்கு நகம் உரிவது உண்டென்றும், சிகிச்சை எதுவும் வேண்டாமென்றும், அது தானாகவே வளர்ந்துவிடுமென்றும் மருத்துவர் விளக்கினார். இதை முன்கூட்டியே யாராவது சொல்லிவைத்தால் பல பெற்றோர் ஒரு நாள் பதற்றத்திலிருந்து தப்பிப்பார்கள்.

தடுக்க முடிந்தவை சில உண்டு. தடுப்பூசிகள் எதையும் விடாமல் போடுவதும், ஆறு மாதம் நிறைந்த பிறகு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்பதும் முதன்மையானவை. வீட்டில் யாரும் புகை பிடிக்காமல் இருப்பது அடுத்தது. புகை சூழ்ந்த வீட்டுக் குழந்தைகளுக்குக் காது, நுரையீரல் தொற்றுகள் கூடுதலாக வருகின்றன. வயிற்றுப்போக்குப் பரவும் காலத்தில் கைக்குத் தேய்க்கும் ஜெல்லை நம்பாமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும், ஏனெனில் நோரோவைரஸிடம் ஜெல்லின் வேலை சரிவரப் பலிப்பதில்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விளம்பரப்படுத்தப்படும் சிரப்புகளுக்காகப் பணம் செலவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவர் கேட்ட அந்த இடைவெளிக்கு மீண்டும் வருகிறேன், ஏனெனில் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய குழந்தையை அடையாளம் காட்டுவதும் அதுதான். ஓராண்டுக்குள் இரண்டு முறை நிமோனியா, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட புதிய காதுத் தொற்றுகள், ஆழமான சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வருவது, ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் கொடுத்தும் பலனில்லாமை, எடை கூடாமலே நின்றுபோவது, குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருப்பது போன்றவை இருந்தால், நர்சரிக்குப் போகிற பிள்ளைதானே என்று விட்டுவிடாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சளி இல்லாத நாட்களிலும் இரவு இருமலும் இரைப்பும் தொடர்ந்தால் ஆஸ்துமாவுக்காகப் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் இல்லாமல், நோய்க்கும் நோய்க்கும் நடுவே குழந்தை முழுமையாகத் தெளிந்து, உற்சாகமாக வளர்ந்து வந்தால், எத்தனை முறை மூக்கு ஒழுகினாலும் அது கடந்து போகும் காலமே.

நர்சரியிடமும் சிலவற்றை வெளிப்படையாகப் பேசிவைக்க வேண்டும். லேசாக மூக்கு ஒழுகும் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பாதி ஆண்டு வரவே முடியாது. அறிகுறி தெரியும் முன்பே கிருமி பரவிவிடுவதால் அதனால் கிடைக்கும் பலனும் சிறிது. காய்ச்சல் இருக்கும் பிள்ளையை அனுப்பக் கூடாது. மருந்து கொடுக்காமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்று இரண்டு நாள் ஆகட்டும். காலையில் மருந்து கொடுத்துக் காய்ச்சலை மறைத்து அனுப்புவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விடுப்பு தர மறுக்கும் வேலையிடங்கள்தான் பெற்றோரை அந்த நிலைக்குத் தள்ளுகின்றன என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் நர்சரியில் சேர்க்கும் முன்பே, முதல் ஆண்டில் யார் எந்த நாளில் விடுப்பு எடுப்பது, இருவராலும் முடியாதபோது பிள்ளையை யாரிடம் விடுவது என்பதைக் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறேன். பெற்றோருக்கும் அதே சளி வந்தே தீரும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.