முடி கொட்டாத நாய்

நாய் வேண்டும் என்று முதலில் கேட்டவள் என் மகள். வேண்டாம் என்று முதலில் சொன்னது என் கணவரின் மூக்கு. லாப்ரடார் வளர்க்கும் நண்பர் வீட்டுக்கு விருந்துக்குப் போய், பாதி நேரம் அவர் வாசலில் நின்று தும்மிக்கொண்டிருந்தார். அன்று இரவு வீடு வந்து சேர்வதற்குள் நிபந்தனைகள் முடிவாகிவிட்டன: சிறிய நாயாக இருக்க வேண்டும், முடி கொட்டக் கூடாது. இங்கிலாந்தின் நியூகாசிலில் எங்களுடையது இரண்டு படுக்கையறை கொண்ட வரிசை வீடு. மாடிப்படி உட்பட எல்லா இடமும் கம்பளம். கம்பளத்தில் ஏறிய நாய் முடி லேசில் இறங்காது.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "வாசலில் கட்டிப்போட்டால் முடி எங்கே கொட்டினால் என்ன?" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தாத்தா வளர்த்த ராஜபாளையம் நாயை நினைத்துச் சொன்னது அது. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. இருந்த காலம் முழுவதும் நிலைப்படியைத் தாண்டியதே இல்லை. இங்கே வாசல் என்பது இரண்டு குப்பைத் தொட்டிகள் நிற்கும் இடம். மீதி இடத்தில் மழை நிற்கும்.

தேட ஆரம்பித்ததும் கண்ணில் பட்ட முதல் சொல் 'ஹைப்போஅலர்ஜெனிக்'. விளம்பரத்துக்கு விளம்பரம் அதுதான். ஒவ்வாமை தராது என்கிறார்களாம். அப்படி ஒரு நாய் கிடையாது. தும்ம வைப்பவை நாயின் எச்சிலிலும் பொடுகிலும் சிறுநீரிலும் உள்ள புரதங்கள். முடி அவற்றைச் சுமந்து வீடெல்லாம் பரப்புகிறது, அவ்வளவுதான். 2011இல் டெட்ராய்ட்டில் நாய் வளர்ப்பவர்களின் வீட்டுத் தூசியை எடுத்துச் சோதித்தார்கள். ஒவ்வாமை தராது என்று பெயர் வாங்கிய இனங்கள் இருந்த வீடுகளுக்கும் மற்ற வீடுகளுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆக, முடி கொட்டாத நாய் கம்பளத்துக்கு நல்லது. மூக்குக்கு உத்தரவாதம் இல்லை. மூக்குக்கு இருக்கும் ஒரே வழி, வாங்கப் போகும் நாயின் வீட்டிலேயே போய் உட்கார்ந்து பார்ப்பது.

வளைக்குள் புகுந்து வேட்டையாட வளர்த்த டெரியர் வகை நாய்தான் என்று ஏன் முடிவு செய்தோம் என்றால், சிறியது, ஆனால் மடியில் வைத்துச் சீராட்டும் பொம்மை இல்லை. வீட்டில் நான்கு வயதுப் பையன் இருக்கிறான். அவன் கையில் எதுவும் ஐந்து நிமிடம் முழுதாக இருந்ததில்லை. யார்க்ஷயர் டெரியரை அதனால்தான் முதலிலேயே விட்டுவிட்டோம். மூன்று கிலோ இருக்கும் அந்த நாயை அவன் ஒரு முறை கீழே போட்டால் போதும். அதன் முடி நம் தலைமுடி போலப் பட்டாக வளர்ந்துகொண்டே போகும், தினமும் சீவ வேண்டும். எனக்கு மகளின் சடையே போதும்.

ஜாக் ரஸ்ஸலுக்கு முடி குட்டை, அதனால் கொட்டாது என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். அடுத்த வீட்டு ஜாக் ரஸ்ஸல் என் கறுப்புக் கோட்டில் ஒரு முறை உரசிவிட்டுப் போனது. வெள்ளை முடிகள் துணிக்குள் ஊசி மாதிரி குத்தி நின்றன. உதறியும் வரவில்லை, தேய்த்தும் வரவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வெஸ்ட் ஹைலண்ட் டெரியர் பார்க்க வெண்பனி மாதிரி அழகு, ஆனால் தோல் அரிப்பு அந்த இனத்தில் அடிக்கடி வரும். எங்கள் தெருவில் ஒன்று, சொறியாமல் இருக்கக் கோடையிலும் சட்டை போட்டுக்கொண்டு நடந்தது. ஷ்னாசரின் தாடி தண்ணீர் குடித்துவிட்டு வீடெல்லாம் சொட்டும் என்று கணவர் தள்ளிவிட்டார்.

பெட்லிங்டன் டெரியரைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்கு வடக்கே அரை மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் நிலக்கரி ஊரின் பெயரைத் தாங்கிய நாய். சுரங்கத் தொழிலாளிகள் வளர்த்த முரட்டு டெரியர், பார்ப்பதற்கு மட்டும் ஆட்டுக்குட்டி. மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நாயா, இல்லை யாராவது நம்மை ஏமாற்றுகிறார்களா?" என்றாள். முடி மிகக் குறைவாகத்தான் கொட்டும். ஆனால் ஆறேழு வாரத்துக்கு ஒரு முறை கத்தரிக்கோல் போட வேண்டும். ஈரலில் தாமிரம் சேரும் பரம்பரை நோயும் சில குடும்பங்களில் உண்டு; மரபணுச் சோதனை செய்த பெற்றோரின் குட்டிதானா என்று கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் கேட்ட இடத்தில் பதில் மழுப்பலாக வந்தது. விட்டுவிட்டோம்.

கடைசியில் பார்டர் டெரியர். இதுவும் இந்த மண்ணின் நாய்தான். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் செவியட் மலையடிவாரத்தில், ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும் நரியை வளைக்குள்ளேயே போய்த் துரத்துவதற்கு வளர்த்தார்கள். குதிரைகளுக்குப் பின்னால் ஓடுகிற அளவு நீண்ட கால், நரி வளைக்குள் நுழைகிற அளவு குறுகிய மார்பு, முகம் மட்டும் நீர்நாய் முகம். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் 1920இல்தான் இதை அங்கீகரித்தது. நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. வேலை போய்விட்டது, நாய்க்கு அது தெரியாது.

நாய் விற்பதாகச் சொன்ன ஒருவர், நெடுஞ்சாலை ஓரக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால் குட்டியைத் தருகிறேன் என்றார். மகள் உடனே கோட்டை எடுத்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த ஒரு வாரம் ஆனது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் இடைத்தரகர் குட்டி விற்கக் கூடாது. வளர்ப்பவர், குட்டியைத் தாயோடு சேர்த்து, பிறந்த இடத்திலேயே காட்ட வேண்டும். தாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். அது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை. தாயின் குணத்தில்தான் குட்டியின் பாதிக் குணம் தெரியும்.

ராத்பரி பக்கம் ஒரு பண்ணை வீட்டில் எங்கள் குட்டி கிடைத்தது. மூன்று முறை போனோம், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். கணவர் தாய் நாயை முகத்தில் நக்கவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, தும்மலுக்காகக் காத்திருந்தார். இரண்டு தும்மல் வந்தது, அதற்கு மேல் இல்லை. என்னைப் பெண் பார்க்க இவர் ஒரே முறைதான் வந்தார் என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன். வளர்ப்பவர் வயதான பெண்மணி. தாய் நாயின் தோள்களுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்துக் காட்டினார். விரல்கள் தொட்டுக்கொண்டன. ஒரு பார்டர் டெரியரை இப்படி வளைத்துப் பிடிக்க முடிய வேண்டும், இல்லையென்றால் வளைக்குள் சிக்கிக்கொள்ளும் என்றார். இந்த இனத்தில் சிலவற்றுக்கு வலிப்பு போலக் கால்கள் இழுத்துக்கொள்ளும் கோளாறு உண்டு, கோதுமையை நிறுத்தினால் பலவற்றுக்குக் குறைகிறது, குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லை என்றும் நாங்கள் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.

பழுப்பு நிறம், சொரசொரப்பு, கோணல்மாணலான முகம். சுக்கு என்று பெயர் வைத்தோம்.

முடி விஷயத்துக்கு வருகிறேன். சுக்குக்கு முடி கொட்டவில்லை என்பது ஏறக்குறைய உண்மை. ஆனால் கொட்டாத முடி எங்கே போகும்? எங்கும் போகாது, அங்கேயே இருக்கும். மேலே கம்பி போன்ற முரட்டு முடி, அடியில் மெத்தென்ற முடி என்று இரண்டு அடுக்கு. மேல் முடி தன் காலம் முடிந்து செத்த பிறகும் தோலிலேயே நிற்கும். அதைக் கையால் உருவி எடுத்தால்தான் அடுத்தது முளைக்கும். வருடத்துக்கு இரண்டு முறை. இது தெரியாமல் முதல் இலையுதிர் காலத்தில் ஒரு முடிவெட்டும் கடையில் விட்டேன். ஒரு மணி நேரத்தில் இயந்திரம் ஓட்டி, சோப்பு வாசனையோடு திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்து வளர்ந்தது முடி இல்லை, பஞ்சு. நிறம் வெளுத்து, மழையில் நனைந்தால் கம்பளித் துணி மாதிரி தண்ணீரைக் குடித்தது. முரட்டு முடி மழையை உதறிவிடும் என்பதற்காகத்தானே மலைநாட்டார் அதை வளர்த்தார்கள்!

சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்பு அம்மா வந்தார். நாய் அடுப்படிக்குள் வரக் கூடாது, சாமி அலமாரிப் பக்கம் வரவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பின்கட்டுப் படியில் சுக்கை உட்காரவைத்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்து நான் உருவ முயன்றேன். பத்து நிமிடத்துக்கு ஒரு சிட்டிகை வந்தது. காபித் தம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "முருங்கைக்கீரை உருவத் தெரியாதவள் நாயை எங்கே உருவப் போகிறாய், தள்ளு" என்றார்.

வழுக்காமல் இருக்க விரலில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டார். இடது கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நான்கைந்து முடியை நுனியில் பிடித்து, வளர்ந்த திசையிலேயே ஓர் இழுப்பு. மணிக்கட்டு அசையவில்லை. சுக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செத்த முடி பிடுங்கினால் வலிக்காது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முழங்காலில் மோவாயை வைத்துத் தூங்கிவிட்டது. நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம். தினத்தாளில் குவிந்த முடியைப் பார்த்தால் இன்னொரு நாய் செய்யலாம் போலிருந்தது. குருவி கூடு கட்ட எடுத்துக்கொள்ளட்டும் என்று அம்மா அதை வேலியில் வைக்கப் போனார். தெள்ளுப்பூச்சி மருந்து போட்ட முடி குஞ்சுகளுக்கு ஆகாது என்று தடுத்தேன்.

சித்திரை வருடப் பிறப்புப் பாயசத்தில் ஒரு கலவரம் நடந்தது. நெய்யில் வறுத்த திராட்சை இரண்டு அம்மாவின் கையிலிருந்து விழ, சுக்கு விழுங்கிவிட்டது. உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், எவ்வளவு தின்றால் ஆபத்து என்று கணக்குச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் ஓடி, ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தோம். சாம்பாரில் கிடக்கும் வெங்காயமும் ஆகாது என்று அவர் சொன்னதைக் கேட்டு அம்மா அயர்ந்துபோனார். தாத்தாவின் நாய்க்குத் தினமும் மிச்சச் சாம்பார் சோறுதான்.

குறைகளும் சொல்ல வேண்டும். டெரியர் என்ற பெயரிலேயே மண் இருக்கிறது. டெர்ரா என்றால் லத்தீனில் நிலம். சுக்கு என் புதினாப் பாத்தியை இரண்டு முறை தோண்டிப் பார்த்துவிட்டது, நரி இல்லை. அணிலைக் கண்டால் காது கேட்காது. ஊருக்குள் இருக்கும் மேய்ச்சல் வெளியான டவுன் மூரில் மாடுகள் மேயும் மாதங்களில் வாரை அவிழ்ப்பதே இல்லை. கணவர் படுக்கையறைக் கதவை மூடியே வைக்கிறார். வாரத்தில் ஒரு நாள் தும்முகிறார்.

அம்மா ஆவணியில் ஊருக்குப் போய்விட்டார். உருவ வேண்டிய காலம் வந்தால் முதுகெலும்பின் மேல் முடி இரண்டாகப் பிரிந்து விழும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் பேரப்பிள்ளைகளை விசாரித்த கையோடு, "சுக்குக்கு வகிடு விழுந்துவிட்டதா, காட்டு" என்கிறார். நான் கைபேசியை அதன் முதுகுப் பக்கம் திருப்புகிறேன். போன வாரம் கழுத்திலிருந்து நான்கு விரல் தூரம் வரை வந்திருந்தது.