அரிசி இருந்தது, கூலி வரவில்லை

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது முதுகுளத்தூர், கமுதிப் பகுதிகளில் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக இருந்தேன். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வறட்சி புதிதல்ல. ஆனால் அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் மழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. புழுதியில் விதைத்த நெல் ஒரு சாண் வளர்ந்து கருகியது. கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது.

நான் போன வீடுகளில் உலை கொதித்தது. அதற்கு ரேஷன் அரிசிதான் காரணம். இந்தத் திட்டத்தைக் குறைத்துப் பேசுவோரிடம் எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் "அரிசி இருக்கிறது தம்பி, எதை ஊற்றித் தின்பது?" என்று ஒரு அம்மா கேட்டார். பருப்பு, எண்ணெய், காய், தள்ளுவண்டியில் வரும் குடிநீர் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும்.

அந்தக் காசு நூறு நாள் வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும். வறட்சிக்காக அதை 150 நாளாக உயர்த்தினார்கள். பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும் என்பது அப்போதைய சட்டம். எங்கள் ஊர்களில் வாரக்கணக்கில் வங்கிக் கணக்கில் பணம் ஏறவில்லை. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு இருந்தது. அதாவது மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். அதே காலத்தில் கடைத்தெருவில் ஐந்து வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கு, கடன் வாங்கினார்கள். கூலி கேட்டுக் கொடுத்த மனுவிலேயே இந்தக் கணக்கை எழுதினோம்.

கையில் காசு வேண்டியவர்கள் கரிமூட்டத்துக்கு (விறகை மூடி எரித்துக் கரியாக்கும் இடம்) சீமைக்கருவேலம் வெட்டப் போனார்கள்; அங்கே வாரக் கடைசியில் கூலி கிடைத்துவிடும். அந்த மரத்தை வேரோடு அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் அந்தப் பருவத்தில்தான். மரத்தின் கேடு எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆண்டு பல வீடுகளுக்குச் செலவுக்காசு தந்தது அதுதான்.

என்னை மிகவும் வருத்தியது ஆட்டுச் சந்தை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டிவந்ததால் விலை விழுந்தது. சினை ஆட்டைக்கூட வந்த விலைக்குத் தள்ளினார்கள். கிடாயை விற்றால் இந்த ஆண்டு வருமானம் போகும். சினை ஆட்டை விற்றால் அடுத்து வரும் ஆண்டுகளின் வருமானமும் சேர்ந்து போகிறது. மழை வந்தபிறகும் அந்தக் குடும்பத்தால் எழுந்து நிற்க முடியாது.

எனவே மகளிர் குழுக்களோடு பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். வேலை அட்டையைப் பார்த்து, வர வேண்டிய கூலியில் பாதியைக் குழுச் சேமிப்பிலிருந்து முன்பணமாகக் கொடுப்பது; கூலி ஏறியதும் திருப்பிக் கட்டுவது; வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். சேமிப்பு சிறியது, எல்லோருக்கும் எட்டவில்லை. யாருக்கு முதலில் என்பதைப் பெண்களே முடிவு செய்தார்கள்: கைக்குழந்தை உள்ள வீடுகள், அடுத்து சினை ஆட்டைச் சந்தைக்கு ஓட்டவிருந்தவர்கள்.